மேலகரத்துக் குளத்தில் மூன்று தீவுகள்

மேலகரத்தில் எங்கள் தெரு வாசகசாலைக்கு நான் பதினோரு வருஷம் காரியதரிசியாக இருந்தேன். செய்தித்தாளை யார் கிழித்தார்கள் என்று கண்டுபிடிப்பது, விளக்குக்கு மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது, சனிக்கிழமைச் சொற்பொழிவுக்குக் குறிப்பு எடுப்பது என்று எனக்கு வேலைகள். முதல் இரண்டையும் யாரும் செய்யலாம். மூன்றாவதை என்னிடம் ஒப்படைத்ததுதான் உறுப்பினர்கள் செய்த பிழை. கேட்டதைக் கேட்டபடி எழுதுவது என் பழக்கம். மணியையும் எழுதுவேன்.

சொற்பொழிவு செய்பவர் ஒருவர்தான், பொருளும் ஒன்றுதான். யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர், ஊரில் வயலும் காரை வீடும் உள்ளவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் கப்பல் அண்ணாச்சி. பட்டாளத்தில் போர்வையும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தார். அதைப் பற்றி ஊரில் யாரும் கேட்டதில்லை. அவர் போன கப்பல் மத்தியதரைக் கடலில் மூன்று தீவுகளுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டதும், அவர் ஒரு சிறு படகை எடுத்துக்கொண்டு மூன்றையும் சுற்றிப் பார்த்ததும்தான் ஊருக்கு வேண்டியிருந்தன. பெரிய தீவு முழுவதும் மஞ்சள் கல். அடுத்த தீவில் ஆடுகளும் மாதா கோவிலும். நடுவில் கிடந்த குட்டித் தீவில் ஒரே ஒரு கோபுரம், மனித நடமாட்டம் இல்லை. ஆடுகள் மேய்ந்த அந்த இரண்டாவது தீவில் ஒரு கிழவி அவருக்குப் பாலாடைக்கட்டி கொடுத்தாள்.

நான் காரியதரிசியான முதல் வருஷத்திலேயே என் நோட்டில் நாற்பத்தொரு சொற்பொழிவுகள் இருந்தன. முதல் சொற்பொழிவில் பெரிய தீவிலிருந்து அடுத்த தீவுக்கு இரண்டு மணி நேரம். ஒன்பதாவதில் அரை நாள். இருபத்திரண்டாவதில் புயல் வந்து ஒரு ராத்திரி முழுவதும் ஆயிற்று. தீவுகள் விலகிக்கொண்டே போயின. கிழவியின் விஷயம் வேறு மாதிரி. ஆறாவது சொற்பொழிவில் அவளுக்குப் பல் கிடையாது. முப்பதாவதில் நடுத்தர வயதுப் பெண்ணாகி, தலையில் கூடை சுமந்து மலையேறினாள். இந்த வேகத்தில் போனால் ஐம்பதாவது சொற்பொழிவில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டியிருக்கும் என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன்.

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஊர் மிளகு வியாபாரி ஒருவர் சொற்பொழிவு கேட்க வந்தார். புயல் கட்டத்தில் கண் கலங்கி, இவ்வளவு பெரிய மாலுமி படகில்லாமல் இருப்பது ஊருக்கே அவமானம் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்துக் கொல்லத்திலிருந்து கூட்ஸ் ரயிலில் தென்காசிக்கு அவர் அனுப்பிய ஒரு பழைய வள்ளம் வந்து இறங்கியது.

படகு வந்த பிறகுதான் அதை வைத்து என்ன செய்வது என்று கூட்டம் கூடினோம். மேலகரத்துக்கு மேற்கே உள்ள குளத்தில் தண்ணீர் நிறைந்தால் மூன்று மண்திட்டுகள் மட்டும் வெளியே தெரியும். மூன்று என்ற எண் கூட்டத்தை மிகவும் பாதித்தது. ஆனியில் சாரல் பிடித்துக் குளம் பெருகியதும், கப்பல் அண்ணாச்சி தலைமையில் மூன்று தீவுகளையும் ஆராய்வது என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தத் திட்டுகளில் தினமும் எருமைகள் படுத்திருக்கும். எருமைகள் அவற்றை முன்பே கண்டுபிடித்துவிட்டதைத் தீர்மானத்தில் யாரும் குறிப்பிடவில்லை.

படகோடு கூடவே வந்த கொல்லத்துத் தோணிக்காரர், அடுத்த ரயிலைப் பிடிக்குமுன் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “வள்ளம் வெள்ளத்தில் தன்னே கிடக்கணும், கேட்டோ.” தண்ணீரிலேயே போட்டு வைக்க வேண்டும், காயவிடக் கூடாது என்று கையாலும் காட்டினார்.

கப்பல் அண்ணாச்சி சிரித்தார். “அது ஒங்க ஊருக் காயல் தண்ணியில. கப்பல்ல உள்ள படகு பூராத்தையும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டித்தான் வச்சிருப்பான். ஒரு சொட்டு மழைத்தண்ணி படாது. நான் கண்ணால பாத்தவன்.”

படகு மாட்டு வண்டியில் ஏறி வாசகசாலைப் பின்கட்டுக்கு வந்தது. கூரை போட்டு, கூரைக்குக் கீழே தார்ப்பாய் போட்டு மூடினோம். நல்ல நாளுக்காகப் பதினெட்டு நாள் காத்திருந்தோம். பதினெட்டு நாளும் ஊரில் சாரல். மேலகரத்தில் நனையாத பொருள் அந்தப் படகு ஒன்றுதான். சாரலோடு சேர்ந்து கணவாயிலிருந்து வருகிற காற்று தார்ப்பாய்க்குள் புகுந்து, வடாம் காயவைப்பது போல் அதைக் காயவைத்தது.

படகின் பலகை இடுக்குகளில் கறுப்பாகப் பிசினும் தேங்காய் நாரும் அடைந்து கிடந்தன. அச்சன்புதூரிலிருந்து வண்டிச் சக்கரம் செய்கிற தச்சர் வந்தார். “இந்த அழுக்கை என்ன செய்ய?” என்று கேட்டார்.

“சுரண்டும்,” என்றார் அண்ணாச்சி. “கப்பல்ல விடிஞ்சா சுரண்டுவான், மத்தியானம் பெயிண்ட் அடிப்பான். பொழுதன்னைக்கும் அதே சோலிதான்.”

தச்சர் இரண்டு நாள் உட்கார்ந்து சுரண்டினார். “பாருங்க அண்ணாச்சி, இப்பம் பல்லு இடுக்கு மாதிரி இருக்கு,” என்றார். அதன்மேல் நீல பெயிண்ட் அடித்தோம்.

இந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடிக்காரர் வந்தார். அண்ணாச்சிக்கு ஒரே மகள். இருபத்து மூன்று வயது, ஆசிரியப் பயிற்சி முடித்தவள். தூத்துக்குடியிலிருந்து ஒரு வரனின் ஜாதகம் பொருந்தியிருந்தது. பையனின் தகப்பனார் துறைமுகத்தில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவர். சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கி, தினமும் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, பெண் வீட்டாரையும் பார்க்கலாம் என்று வந்திருந்தார். அன்று அண்ணாச்சி வீட்டில் நானும் இருந்தேன்.

“எம் பையனுக்கு இதுக்கு முன்ன ரெண்டு எடம் பாத்தேன்,” என்றார் அவர். “ஒண்ணு வயசுல பொய். இன்னொண்ணு படிப்புல பொய். ரெண்டையும் வேண்டாம்னுட்டேன். எங்க ஊர்ல ஒரு பேச்சு உண்டு, கடல் கண்டவன் வாயில பொய் வராதுன்னு. அதான் ஒங்களைத் தேடி வந்தேன். ஆடி பொறக்க முன்ன வெத்தல பாக்கு மாத்திரணும்.”

அண்ணாச்சி காபியைக் கீழே வைத்தார்.

“படகு வந்திருக்காமே?” என்று அவர் தொடர்ந்தார். “நீங்க ஓட்டி நான் பாக்கணும். நானும் கூட வாரேன்.”

“அதுக்கென்ன,” என்றார் அண்ணாச்சி. இந்தச் சொல்லுக்கு முன் அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார் என்று நோட்டில் இருக்கிறது.

நான் புறப்படும்போது மகள் வாசல்வரை வந்தாள். “மாமா, அப்பாவைப் படகுல ஏத்தாதீய.”

“ஏன்ட்டி? மூணு தீவைச் சுத்தின மனுசன்.”

“ஆலங்குளத்துக்கு பஸ்ஸுல போனாலே அப்பாவுக்கு வாந்தி வருது.”

புயலில் ஒரு ராத்திரி கழித்தவருக்கு ஆலங்குளம் ரோடு என்ன செய்யும் என்று அப்போது நினைத்தேன். ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

புறப்பாட்டு நாளில் குளத்தங்கரையில் திருவிழாக் கூட்டம். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். படகுக்குச் சக்கரம் இல்லை என்பது கடைசி நிமிஷத்தில்தான் தெரிந்தது. பத்து நிமிஷம் விவாதித்து, அடிப்பலகைக்குக் கீழே நான்கு பழம் வைத்துத் தள்ளினோம். மூன்று நசுங்கின. நான்காவது உருண்டு எங்களுக்கு முன்னால் தண்ணீரில் போய் மிதந்தது. அன்று கடைசிவரை மிதந்தது அது ஒன்றுதான்.

படகில் நான்கு பேர். பின்னால் சுக்கான் துடுப்போடு கப்பல் அண்ணாச்சி. அவருக்கு எதிரே தூத்துக்குடிக்காரர். நடுப்பலகையில் ஆளுக்கொரு துடுப்போடு நானும் பலசரக்குக் கடைக்காரரும். கடைக்காரர் வாசகசாலையின் துணைத்தலைவர். ஆராய்ச்சிக்கு அவர் செய்த ஏற்பாடு எண்பது இட்லி, தூக்குச்சட்டி நிறையப் புளியோதரை, முறுக்கு ஒரு டின். தீவுக்கு ஒன்றாக மூன்று பங்காகப் பிரித்துக் கட்டியிருந்தார்.

என் குறிப்பு இப்படிப் போகிறது. 7.42: புறப்பாடு. மேல்காற்று, சாரல் இல்லை. 7.46: கரையிலிருந்து முப்பது கெஜம். இரண்டு துடுப்பும் எதிரெதிர்த் திசையில் இழுத்ததால் படகு ஒரு முழு வட்டம் சுற்றியது. கரையில் கைதட்டல். 7.49: காலடியில் தண்ணீர், ஒரு விரற்கடை.

“அண்ணாச்சி, தண்ணி வருதே,” என்றார் கடைக்காரர்.

“படகுன்னா வரத்தான் செய்யும். தீவுக்குப் போகையிலயும் வந்தது.”

“எந்தச் சொற்பொழிவுல?” என்று கேட்டேன். நாற்பத்தொன்றில் எதிலும் தண்ணீர் உள்ளே வந்ததாகக் குறிப்பு இல்லை.

“துடுப்பைப் போடும்வே,” என்றார். அவர் முகம் ஆலங்குளம் பஸ்ஸில் இருப்பவர் முகம் போல இருந்தது.

7.53: கணுக்கால். ஒவ்வொரு பலகை இடுக்கிலும் தண்ணீர் ஒழுங்காக, வரிசையாக வந்துகொண்டிருந்தது. தச்சர் ஒரு இடுக்கைக்கூட விட்டுவைக்கவில்லை.

“ஏ சம்பந்தகாரரே!” என்று கடைக்காரர் கத்தினார். இன்னும் சம்பந்தம் ஆகவில்லை. ஆனால் ஆபத்தில் உறவு சீக்கிரம் ஏற்படுகிறது. “இட்லிப் பொட்டலத்தை மடியில தூக்கி வைங்க! காரியதரிசி, எழுதுனது போதும்வே, தூக்குச்சட்டியை எடுத்து எறையும்!”

“அதுல புளியோதரை இருக்கே?”

“தின்னுட்டா எறைக்கப் போறீரு? கொட்டும்!”

துறைமுகத்தில் முப்பது வருஷம் இருந்தவர் என்ன யோசனை சொல்லப்போகிறார் என்று அவரைப் பார்த்தேன். அவர் மூன்று பொட்டலங்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, திருச்செந்தூர் முருகனை அழைத்துக்கொண்டிருந்தார்.

8.04: படகு கீழே போய்விட்டது. மூழ்கியது என்று எழுதலாமா என்று பிறகு யோசித்தேன். கவிழவில்லை, சாயவும் இல்லை. நாங்கள் உட்கார்ந்தபடியே அதுவும் குளத்தின் தரையில் போய் உட்கார்ந்தது. ஆகையால் அமர்ந்தது என்று எழுதியிருக்கிறேன். நால்வரும் கழுத்தளவு தண்ணீரில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு எருமை எங்களைத் தாண்டி இரண்டாவது திட்டை நோக்கி நடந்தே போயிற்று. தண்ணீர் அதன் வயிற்றுக்குத்தான் இருந்தது. நாங்கள் எழுந்து நின்றோம். எங்களுக்கு இடுப்பளவு. கரையில் மறுபடியும் கைதட்டினார்கள். தீவில் இறங்கும் முறையே அதுதான் என்று நினைத்திருக்க வேண்டும்.

எருமைக்குப் பின்னால் நடந்து இரண்டாவது தீவை அடைந்தோம். முள் உதிர்த்த ஒரு உடைமரம், நான்கு நீர்க்காக்கை, எருமை. முள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, நோட்டைப் பிரித்தேன். பென்சில் எழுத்தாதலால் அழியவில்லை. ‘படகு அமர்ந்ததற்குக் காரணம்’ என்று எழுதினேன்.

“என்ன எழுதுதீய?” என்று தூத்துக்குடிக்காரர் கேட்டார். இப்போது கண்ணைத் திறந்திருந்தார்.

“காரணம்.”

“என்ன காரணம்?”

காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. காய்ந்த பலகை சுருங்கும், சுரண்டிய இடுக்கு ஒழுகும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று, ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. படகைத் தார்ப்பாயால் மூடி வைத்திருப்பதும், ஆட்கள் ஓயாமல் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதும் எங்கே நின்றால் தெரியும்? கப்பலின் மேல்தட்டில் நின்றால் தெரியும். படகில் இறங்கிப் போன ஒருவருக்கு முதலில் ஞாபகம் வருவது வேறாக இருக்கும். துடுப்புப் போட்டுக் கையில் கொப்புளம் வந்ததைச் சொல்லியிருப்பார். நாற்பத்தொரு சொற்பொழிவில் ஒரு கொப்புளம் இல்லை. அதை எழுதினால் அந்த நோட்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திவிடும். என் பென்சில் நின்றது.

கப்பல் அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எழுதும்வே,” என்றார். “உள்ளதை எழுதும். இல்ல, நானே சொல்லுதேன்.”

தூத்துக்குடிக்காரர் பக்கம் திரும்பினார். “எங்க கப்பல் அங்கன நின்னது மூணு நாளு. கப்பல்ல ஒருத்தனுக்கு அம்மை போட்டிருந்தது. மஞ்சக் கொடி ஏத்திட்டான், ஒருத்தனும் எறங்கக் கூடாதுன்னுட்டான். மூணு நாளும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அந்தத் தீவுகளைப் பாத்துக்கிட்டே நின்னேன். சாப்பிடக்கூடப் போகல. ஒரு கிழவி சின்னப் படகுல ஏதோ விக்கதுக்குக் கொண்டுவந்தா. அவளையும் வெரட்டிட்டான். போகையில என்னைப் பாத்துக் கையை ஆட்டுனா. அம்புட்டுதான் நான் கண்டது. படகுல கால வச்சது இன்னைக்குத்தான்.”

கடைக்காரர் முறுக்கு டின்னைத் திறந்தவர் திறந்தபடி இருந்தார்.

“ஊருக்கு வந்ததும் தீவு எப்படி இருந்ததுன்னு கேட்டாவ. எறங்கவே இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்தது. எறங்கினேன்னுட்டேன். பொறவு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை போகவேண்டியதாப் போச்சு.” அவர் தோளிலிருந்து ஈரத் துண்டை எடுத்தார். “எம் பொண்ணுக்கு இருபத்து மூணு வயசு. அது உள்ளது. படிப்பும் உள்ளது. பொய் அவகிட்ட இல்ல, என்கிட்டதான். இனி ஒங்க இஷ்டம்.”

தூத்துக்குடிக்காரர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். இட்லி பாதி கரைந்திருந்தது. கரையாத ஒன்றை எடுத்து மெதுவாகத் தின்றார். என் கைக்கடிகாரம் 8.04-இல் நின்றுபோயிருந்தது. ஆகையால் அந்த ஒரு இட்லியை அவர் எவ்வளவு நேரம் மென்றார் என்பதற்கு என் நோட்டில் குறிப்பு இல்லை. அண்ணாச்சி தன் ஈரத் துண்டை ஏழெட்டுத் தடவை பிழிந்தார். கடைசி மூன்று தடவை அதில் தண்ணீர் வரவில்லை.

“என் மேசை கரையில,” என்றார் தூத்துக்குடிக்காரர் ஒருவழியாக.

“என்னது?”

“ஹார்பர்ல என் மேசை கரையில இருக்கு. மூட்டை எறங்க எறங்கக் கோடு போட்டு எண்ணுத சோலி. முப்பது வருசமா தோணியில ஏறிப் பாருங்கன்னு கூப்பிடுதான். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். எனக்குத் தண்ணின்னா குலை நடுங்கும். குத்தாலத்துல நான் அருவிக்குப் பக்கத்துல போறதே கம்பி போட்ட எடத்துல மட்டுந்தான். நீங்க கடல் கண்டவர். ஒங்க முன்னால ஏறமாட்டேன்னு எப்படிச் சொல்ல?”

“நீங்கதானே ஓட்டிக் காட்டணும்னு கேட்டீய?” என்றார் அண்ணாச்சி.

“நீங்க முடியாதுன்னு சொல்லுவீயன்னு நெனச்சேன்.”

கடைக்காரருக்கு இதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு உடைந்தது. “நல்லாருக்குவே ஒங்க கதை! ஒருத்தர் கடலைக் கம்பி வழியாப் பாத்தவரு, ஒருத்தர் கடலுக்கு முதுகைக் காட்டி உக்காந்தவரு. உங்க ரெண்டு மாலுமிகளை நம்பி எண்பது இட்லி போச்சு. இந்த எருமைக்கு இருக்குத புத்தி நமக்கு இல்லையே. அது நேரா நடந்துல்லா வந்தது!” சிரித்து முடித்துவிட்டு, தூத்துக்குடிக்காரரைப் பார்த்துக் கேட்டார்: “அப்பம், கடல் கண்டவன் வாயில பொய் வராதுங்குத பேச்சு?”

“அது நான் ரயில்ல வரும்போது யோசிச்சது. சும்மா ஒரு மிரட்டலுக்கு.” அவர் அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். “வயசையும் படிப்பையும் நீங்களாச் சொன்னீய, பொய்யையும் நீங்களாச் சொன்னீய. மத்த ரெண்டு எடத்துலயும் நான்தான் தோண்டி எடுக்க வேண்டியதா இருந்தது. வெள்ளிக்கிழமை நல்ல நாளான்னு பாரும். ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு வாரவுக யாரும் படகுல வரக்கூடாது.”

எருமை எழுந்தபோது நாங்களும் எழுந்தோம். அதன் தடத்திலேயே கரை சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது.

இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணாச்சி அடுத்த சனிக்கிழமை வாசகசாலையில் எழுந்து நின்று, கூட்டம் அறிய, தான் அந்தத் தீவுகளில் கால் வைத்ததே இல்லை என்று சொன்னார். மஞ்சள் கொடி, கம்பி, கையை ஆட்டிய கிழவி எல்லாம் சொன்னார். மொத்தம் ஆறு நிமிஷம். நாற்பத்திரண்டு சொற்பொழிவுகளில் அதுதான் மிகச் சிறியது, அதுதான் மிகச் சிறந்தது.

அவர் முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் எழுந்தார்.

“அண்ணாச்சிக்கு எம்புட்டு அடக்கம் பாத்தீயளா,” என்றார். “மூணு தீவைக் கண்டவரு, காணலைங்காரு. நம்மள்ல எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?”

“நெசமாத்தான் சொல்லுதேன், நான் எறங்கல,” என்றார் அண்ணாச்சி.

“அதான், அதான்,” என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பம் படகு முங்கினது?” என்று அண்ணாச்சி கொஞ்சம் கோபமாகவே கேட்டார். “படகு தெரிஞ்சவன் அதைக் காயப் போடுவானா?”

குளத்தில் கிடந்த படகை அன்று காலையில்தான் இழுத்திருந்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் தண்ணீரில் கிடந்து பலகை ஊறிப் பருத்திருந்தது. யாரோ மிளகு வியாபாரிக்கு எழுதி வரவழைத்த பிசினையும் நாரையும் இடுக்குகளில் அடைத்து மிதக்கவிட்டிருந்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வாத்தியார் இதை எல்லோருக்கும் நினைவுபடுத்தினார்.

“முதல்ல முக்கி ஊறப்போடணும், பொறவுதான் ஓட்டணும். நமக்குச் சொன்னா வெளங்குமா? அதான் அண்ணாச்சி செஞ்சே காட்டிட்டாவ.”

கப்பல் அண்ணாச்சியின் அடக்கத்தையும் அனுபவத்தையும் பாராட்டித் தீர்மானம் வந்தது. பலசரக்குக் கடைக்காரர் வழிமொழிந்தார். அவர் அந்தத் தீவில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர். ஏன் வழிமொழிந்தீர் என்று பிறகு கேட்டேன். “எண்பது இட்லி கொடுத்திருக்கேன்வே. ஆராய்ச்சி தோத்துப் போச்சுன்னு ஒத்துக்கிட முடியுமா?” என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக எழுதினேன். ஆட்சேபித்தவர் ஒருவர் உண்டு. அவரைத்தான் பாராட்டினார்கள் என்பதால் அவர் வாக்கை எண்ண விதியில் இடம் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சி, கழுத்தில் போட்ட பாராட்டு மாலையோடு என் மேசைக்கு வந்தார். “வே, உம்ம நோட்டுல என்ன இருக்கு?”

“உள்ளது.”

“அந்தத் திட்டுல நான் சொன்னதும்?”

“அதுவும்.”

“அதைப் பத்திரமா வையும்,” என்றார். “யாராவது கேட்டா எடுத்துக் காட்டும்.”

பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். தண்ணீர் பட்டதால் அந்தப் பக்கங்கள் மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கின்றன. இதுவரை யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையே ஆறு மணிக்கு வாசகசாலை நிறைந்திருந்தது. அண்ணாச்சியைப் பெரிய தீவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள்.